என் கையிலிருந்து பாய் அழித்த புள்ளி

கைபேசியில் கேமரா இருப்பதே பெருமையாக இருந்த காலத்தில் நடந்தது இது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கீழே பன் வேகும் வாசனை வரும், மேலே நாங்கள் நாள் முழுக்கத் தோல் நோய்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். நான் இரண்டாம் நாளே சாப்பிட்டுவிட்டேன். எனக்குக் கொஞ்சம் கல் மனசு என்று என் கணவர் சொல்வார்.

டாக்டர்களுக்கான பாடக் குறுந்தகடு தயாரிப்பதுதான் எங்கள் வேலை. சாதாரண கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர்கள் தோல் நோய்களைச் சரியாக அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு நோயாளியின் கதையையும் ஒரு பாடமாக்குவோம். முதலில் தோலின் புகைப்படம். பிறகு நோயாளி என்ன சொன்னார், எத்தனை நாளாக இருக்கிறது என்ற விவரம். அதன் பிறகு ஒரு கேள்வி, நான்கு விடைகள். சரியான விடையை அழுத்தினால், அந்தத் தோலிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கு மைக்ரோஸ்கோப்பில் எப்படித் தெரிந்தது என்ற படம் வரும். தோல் படம், துணுக்குப் படம் இரண்டிலும் ஓர் அம்புக்குறி, நோய் இருக்கும் இடத்தைக் காட்டும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு பெண் டாக்டர். தோல் துணுக்குகளைப் பார்த்து நோய் சொல்வதில் நிபுணர். மதியத்துக்கு மேல்தான் வருவார், வந்ததும் மூச்சுவிடாமல் பேசுவார். அவர் பேசியதை ஒழுங்குபடுத்திப் பாடமாக எழுதுவது என் வேலை. எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு, மகள் பிறந்த பிறகு வீட்டிலேயே இருந்து, அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கிடைத்த வேலை அது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தவறான விடைகளை எழுதுவது. அப்பட்டமான தப்பாக எழுதிவிடக் கூடாது, படிக்கிற டாக்டர் அரை நிமிடமாவது குழம்ப வேண்டும். அந்தக் குழப்படியில் நான் கெட்டிக்காரி.

படங்களைச் சரிசெய்து கணினியில் ஏற்றுபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். அதற்கு முன் பல வருடம் கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். ஃபோட்டோஷாப்பில் அவர் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி உடனே வேலைக்கு எடுத்தார். பேச்சு மட்டும் குறைவு. கேட்டால் பதில் சொல்வார், அதுவும் மானிட்டரைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் டாக்டர், "வெளிநாட்டுப் புத்தகத்துல எல்லாம் வெள்ளைத் தோலா இருக்கு. நம்ம ஊர்த் தோல்ல இயல்பா எப்படி இருக்கும்னு முதல்ல காட்டணும்" என்றார். நோயாளிப் படத்துக்குப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத தோலின் படம். அதற்கு ஆள் தேடி எங்கே போவது? அலுவலகத்தில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு இடத்தைத் தானம் செய்தோம். ஒருவர் முதுகைக் கொடுத்தார், ஒருவர் பாதத்தைக் கொடுத்தார். பெண்களை வரவேற்பில் இருந்த பெண்ணே படம் எடுத்தாள். நான் என் வலது கையின் பின்பக்கத்தை, முழங்கைக்குச் சற்று மேலே, கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து மாதிரிக் குறுந்தகடு தயாரானது. என் கையின் படத்தைப் பார்த்து அசந்துபோனேன். மாசு மருவில்லாமல், ஒரே நிறமாக, பளபளவென்று. கீழே 'இயல்பான தோல்' என்ற தலைப்பு. வீட்டுக் கணினியில் போட்டு என் கணவரிடம் காட்டினேன். அவர் அப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே பாதித் தூக்கத்தில் இருப்பார். அன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்தக் கை யாரோடதுன்னு விசாரிச்சு அவங்களையே கட்டியிருக்கலாம்" என்றார். நான் முறைத்தேன், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை டாக்டர் மாதிரியைப் பார்த்த அன்றோடு போனது.

அவர் ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஓர் ஆளின் முதுகு அது. டாக்டர் முன்பே குறித்துக்கொடுத்த இடத்தில் அம்புக்குறி இருந்தது. அம்பு காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அம்பு இருக்கு. நோய் எங்கப்பா?" என்றார்.

அடுத்த படம் ஒரு பெண்ணின் தொடை. அங்கேயும் அப்படியே. சிவந்து தடித்த நோய்களெல்லாம் பத்திரமாக இருந்தன, லேசாக வெளிறிய திட்டுகள் மட்டும் மாயமாக மறைந்திருந்தன. பாயைக் கூப்பிட்டார்கள். விஷயம் மெல்ல வெளியே வந்தது. கல்யாண ஸ்டூடியோவில் இருக்கும்போது, மணப்பெண்ணின் முகத்தில் செய்யும் வேலைகளை எல்லாம் ஒரே பொத்தானில் அடங்கும்படி பாய் ஒன்று தயார்செய்து வைத்திருந்தார். நிறத்தைச் சமமாக்கும், பொட்டுப் பொட்டாக இருப்பதை மழுக்கும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டும். அதற்குப் பெயரே 'பொண்ணு' என்று வைத்திருந்தார். எங்கள் படங்கள் வந்ததும், எல்லாப் படங்களையும் முதலில் அந்தப் பொத்தானில் ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கியிருக்கிறார். தோல் என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிப்போயிருந்தது. தோல் நோயாளிகள் அத்தனை பேரும் எங்கள் குறுந்தகட்டில் மணப்பெண்களாக ஜொலித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. மருத்துவர்கள் கூடும் மாநாட்டில் கொடுக்க வேண்டிய தகடு, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாயை நிற்க வைத்து எல்லோர் முன்னாலும் கத்தினார். இந்த வேலை முடியட்டும், அப்புறம் உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கிறேன் என்றார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

டாக்டர்தான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோபமில்லாமல் விளக்கினார். மூலப் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "பாருங்க பாய், இந்த வெளிறின இடம்தான் நோயே. இது தொழுநோயோட ஆரம்பம். வலிக்காது, அரிக்காது. அதனால ஆளுக்கே தெரியாது. தேமல்னு விட்டுடுவாங்க. உள்ள நரம்பு கெட்டுப் போய், ஒரு நாள் விரல் மடங்கிக்கும். அப்புறம் நிமிராது. இப்ப இந்த நோயே இல்லைன்னு சின்ன டாக்டருங்க நினைச்சிக்கிட்டிருக்காங்க. அதுக்குத்தான் இந்தப் பாடமே."

பாய் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப லேசா இருந்தாக்கூடவா டாக்டர்?" என்று கேட்டார்.

"லேசா இருக்கும்போதுதான் பார்க்கணும். தெளிவாத் தெரியறப்ப ரொம்ப லேட் ஆயிருக்கும்."

எல்லா நோயாளிப் படங்களையும் மூலத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவானது. இயல்பான தோல் படங்களையும் மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். முதலாளி கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அதையாவது விட்டுடுங்க டாக்டர், அதுல நோயே இல்லையே, அழகா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நேரமில்லாததால் டாக்டரும் அரை மனதாகத் தலையாட்டினார். பாய் ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி மாடிப்படிக்கு வந்தேன். படியோரம் கறுப்புப் புர்கா அணிந்த ஒரு பெண், கையில் மடக்குக் குடையுடன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தார்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நான் பாய் வூட்டம்மா."

வேலை போய்விடும் என்று பயந்து சிபாரிசுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முதலாளி கத்துவாரே தவிர வேலையை விட்டு அனுப்பமாட்டார் என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையை அசைத்தார்.

"அது இல்லக்கா. வேலை போனாப் போவுது. உங்க கையைப் பத்தி பேச வந்தேன்."

"என் கையா?"

"உங்க படத்துல ஒரு வெள்ளைத் திட்டு கீதாம். இவரு அதை அழிச்சிட்டாரு. நேத்து டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதுலேர்ந்து மனுசன் சோறு துன்னல. இன்னா இன்னான்னு நான் பிடுங்கி எடுத்தப்புறம்தான் சொன்னாரு."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் பயமெல்லாம் இல்லை, கோபம் மட்டும்தான். என் உடம்பில் இருக்கும் ஒன்றை ஓர் ஆண் பார்த்து, வீட்டில் போய்ப் பேசி, அதைக் கேட்டுவிட்டு இவர் ரயிலேறி வந்திருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? "அவரே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"அய்யோ, சொல்லவே மாட்டாரு" என்றார் அவர். ஸ்டூடியோக் கதை ஒன்றைச் சொன்னார். மணப்பெண்ணின் உடம்பில் எதை அழித்தோம், எதை மறைத்தோம் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டமாம். கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு முறை விளையாட்டாக வாய்விட்டு, அது மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போய், கல்யாணமே நின்றுவிட்டதாம். அந்தப் பெண்ணின் அப்பா ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்ந்து அழுததைப் பார்த்ததிலிருந்து இவர் வாயைத் தைத்துக்கொண்டாராம். அந்த மணப்பெண்ணிடமே கூடச் சொல்லமாட்டாராம். "டாக்டரம்மா கிட்டயாவது சொல்லுன்றேன். அதுவும் தப்புன்றாரு. நான்தான் சொன்னேன், முதல்ல அந்த அக்காவுக்குத் தெரியணும், அப்புறம் அவங்க யார் கிட்ட வேணா சொல்லிக்கட்டும், வா நான் வரேன்னு இட்டுகினு வந்தேன்."

"எங்கே அவர்?"

அவர் கண்ணால் காட்டினார். சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டீக்கடைக்காரரின் காலண்டரை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார் பாய். என் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

மாடிப்படித் திருப்பத்தில் யாரும் இல்லை. நான் சுடிதாரின் கையை மேலே சுருட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றேன். அதெல்லாம் தேமலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஆமாக்கா, கீது. எட்டணாக் காசு சைஸுல."

"எங்க?"

"இங்கதான்."

நான் காத்திருந்தேன். அவர் தொட்டுக் காட்டுவார் என்று.

"எங்கன்னு தொட்டுக் காட்டுங்க" என்றேன்.

அவர் இன்னும் குனிந்தார். பிறகு மெதுவாக, "விரலை வச்சிகினுதான் கீறேன் அக்கா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மருதாணி போட்ட அவர் விரல் நுனி என் கையின் மேல் இருந்தது. எனக்கு அது இருப்பதே தெரியவில்லை.

'பாதிக்கப்பட்ட இடத்தில் தொடு உணர்வு இல்லை.' அந்த வரியை நான் எத்தனை பாடத்தில் எழுதியிருப்பேன்! 'நோயாளி நீண்ட காலம் கவனிக்கவில்லை' என்ற வரியையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம், தன் உடம்பில் இருப்பது கூடவா ஒரு மனுஷிக்குத் தெரியாது என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டும் இருக்கிறேன். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழே பேக்கரியில் தட்டுகள் சத்தம் கேட்டது. கொஞ்ச நாளாக வலது கைச் சுண்டு விரல் மரத்துப் போவதும், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பதால் வருகிறது என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த நோய் என்னவென்று அவருக்கும் தெரியும், அவர் கணவர் சொல்லியிருப்பார். ஆனாலும் சுருட்டியிருந்த என் சுடிதார்க் கையை அவர்தான் இறக்கிச் சரிசெய்துவிட்டார். அந்தத் தொடுதலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று மதியம் டாக்டர் வந்ததும் தனியறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் பஞ்சைத் திரித்து நூல் போலாக்கினார். "கண்ணை மூடிக்கோ. நான் தொடறப்ப எல்லாம் சொல்லு" என்றார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஓரிடத்தில் நீண்ட நேரம் அவர் தொடவே இல்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் கையில்தான் இருந்தது. பிறகு முழங்கையின் உட்பக்கம் விரலை விட்டு உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு தடித்திருந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவிட்டார். அப்புறம் சொன்னார்: "நல்லாக் கேளு. ஆரம்பத்துல இருக்கு. விரல்ல பலம் இன்னும் போகல. மருந்து சாப்பிட்டா முழுசா சரியாயிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இந்தச் சுண்டு விரல் மடங்கியிருக்கும். உனக்கு யாரு சொன்னா?"

சொன்னேன். டாக்டர் எழுந்து போய் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "நானே நார்மல்னு பாஸ் பண்ணியிருப்பேன்" என்றார்.

துணுக்கு எடுத்தார்கள். சில நாள் கழித்து என் ஸ்லைடை எனக்கே மைக்ரோஸ்கோப்பில் காட்டினார் டாக்டர். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு மெல்லிய நரம்பு. அதைச் சுற்றி, தாம்பரம் ஸ்டேஷனில் காலை நேர டிக்கெட் கவுண்டரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் போல, செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அடுத்தவர்களின் ஸ்லைடுகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். என்னுடையதைப் பார்த்தபோது, பாவம் அந்த நரம்பு என்று தோன்றியது.

வீட்டில் சொல்லத்தான் உயிர் போனது. டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்த அன்று சாயங்காலம் மகள் ஓடிவந்து என் மேல் ஏறினாள். "அம்மாவுக்குக் கை வலிக்குது, தள்ளிப் போ" என்றேன். உணர்வே இல்லாத இடத்தைக் காட்டி வலிக்கிறது என்று சொன்னேன். பழகினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, மருந்து தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அதே வரிகளை நானே பாடத்தில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது படித்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "குஷ்டமா?" அந்த வார்த்தையை வீட்டுக்குள் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிப்போனது. அவர் எழுந்து வந்தார். என் கையைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். "தினமும் நான் பார்க்கற கைதானே. எனக்கு ஏன் கண்ணுல படல?" என்றார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தார். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டார், டாக்டரும் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். மாமியார் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்பது மட்டும் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு.

ஆறு மாத மருந்து. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். முதல் நாள் மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்துக் கத்திவிட்டேன், அப்புறம்தான் அதையும் நானே ஒரு பாடத்தில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் டாக்டரையும் பாயையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. எந்த மௌனத்தால் என் கை போகவிருந்ததோ, அதே மௌனம் இப்போது என்னைக் காத்தது. பாய் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் மருந்துக்காகச் சீக்கிரம் கிளம்பும் நாட்களில், யாராவது எங்கே என்று கேட்டால், "மேடம் கிட்ட நான்தான் ஒரு படம் வாங்கியாரச் சொன்னேன்" என்று மானிட்டரைப் பார்த்தபடியே சொல்லிவிடுவார். ஒருமுறை தனியாக இருக்கும்போது நன்றி சொல்லப் போனேன். "வூட்ல தாங்க சொன்னாங்க, நான் இல்ல" என்று காது சிவக்க எழுந்து போய்விட்டார்.

தகடு வெளிவரும் முன் டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். இவ்வளவு லேசான ஆரம்ப நிலைப் படம் எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அந்த நிலையில் யாரும் டாக்டரிடம் வருவதில்லை. உன் படத்தைப் பாடமாக வைக்கலாமா, பெயரோ முகமோ இருக்காது என்றார். யோசித்துச் சொல் என்றார். நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை சொன்னேன். பாய் அழகாக்கிய படத்தையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வைப்போம். ஒரே கை, இரண்டு படங்கள். ஒன்று கணினியில் மெருகேற்றியது என்று சொல்லிவிட்டு, இன்னொன்றில் என்ன இருக்கிறது என்று டாக்டர்களையே கேட்போம்.

அந்தத் தகட்டில் அதுதான் மிகச் சிறந்த கேள்வி என்று டாக்டர் பின்னால் சொன்னார். மாநாட்டில் பல மருத்துவர்கள் மூக்கு மானிட்டரில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்களாம். என்னைப் பற்றிய பாடத்தை நானே எழுதினேன். 'முதலில் கவனித்தவர்' என்ற இடத்தில் வழக்கமாக 'நோயாளி' என்று வரும். நான் 'உடன் பணிபுரிபவரும் அவர் மனைவியும்' என்று எழுதினேன். டாக்டர் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. படத்தை ஏற்றும்போது பாய் என்னைக் கூப்பிட்டார். "அம்பு மட்டும்தான் போட்டுகீறேன் மேடம். வேற எதுலயும் கை வைக்கல" என்றார்.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தப் 'பொண்ணு' பொத்தானை மட்டும் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னார்.

மருந்து முடிந்து, டாக்டர் மறுபடி பஞ்சை எடுத்து, போதும் போ என்று சொன்ன வாரம், நானும் என் கணவரும் மகளும் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி, புது லேஅவுட்டில், பாதி பூசிய சின்ன வீடு. பாய் என் கணவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார், கட்டப்போகும் அறையைக் காட்டுகிறேன் என்று. அவர் மனைவி எனக்கு ஸ்டீல் டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து கொடுத்தார். வலது கையால் வாங்கினேன். "ஸ்ஸ்... அம்மா" என்று உதறினேன், பாதி டீ தரையில் கொட்டிவிட்டது. சுட்டது மற்ற விரல்களை அல்ல. சுண்டு விரலைத்தான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுடுதாக்கா? நெசமாவே சுடுதா?" என்றார். கண் முழுக்கத் தண்ணீர். நான் தலையாட்டினேன். இருவரும் சிந்திய டீயின் நடுவில் நின்று சிரித்தோம், அழுதோம். என் மகள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இத்தனை வருடம் கழித்து இன்றும் அடுப்படியில் அந்த விரலைச் சுட்டுக்கொண்டு நான் கத்தும்போதெல்லாம், சொல்லக் கூடாததைச் சொல்ல மனைவியோடு ரயிலேறி வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த மனிதரையும், யாரென்றே தெரியாத என் கையில் தயங்காமல் விரலை வைத்த அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்கிறேன்; வலிக்கிறதே என்று சந்தோஷப்படக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.